வீட்டுக்குள் கடல் வேண்டுவோருக்கு

நம் சங்கத்து உறுப்பினர் இல்லங்களில் மீன் தொட்டி இல்லாத வீடு குறைவு. தங்கமீன், ஏஞ்சல், கப்பி என்று நன்னீர் மீன்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்துத் தேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, அண்மைக் காலமாகக் கடல்நீர்த் தொட்டியின் மீது ஆசை வந்திருக்கிறது. அதிலும் பவளப்பாறைத் தொட்டிதான் வேண்டுமாம். நான் தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவன். இங்கே பல ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன். இந்த இரண்டு தகுதிகளை வைத்து, பொங்கல் விழாவிலும் நூலகத்திலும் என்னைப் பிடித்துக்கொண்டு, "சார், மொத்தம் எவ்வளவு ஆகும்? எங்கே வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். நின்றபடி சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் முதன்முறையாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கிறவர் உயிருள்ள பவளத்தை வாங்கக் கூடாது. மீனும், செயற்கைக் கல்லும், ஓரிரண்டு இறாலும் நத்தையும் போதும். ஓராண்டு அதை ஒழுங்காக நடத்திக் காட்டட்டும், பிறகு பேசலாம். இதைக் கேட்டதும் இளைஞர்கள் முகம் வாடிப் போகிறது. அதற்காக நான் கருத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

பவளம் என்றவுடன் நம்மவர்களுக்கு நவரத்தின மோதிரமும், பாட்டியின் கழுத்தில் கிடந்த பவளமாலையும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. நம் கடற்கரையில் உள்ளது வேறு. மீனவர்கள் அதை முருகைக்கல் என்பார்கள். பார்த்தால் கல், ஆனால் அது ஓர் உயிர்க்கூட்டம். சின்னஞ்சிறு பவள உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெயிலை உணவாக்கிப் பவளத்துக்கும் ஊட்டுகிறது, பவளத்துக்கு நிறமும் தருகிறது. தண்ணீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடாகிச் சில வாரங்கள் அப்படியே நின்றால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்து, பட்டினி கிடந்து, சூடு தணியாவிட்டால் சாகும். கடலிலேயே இந்தக் கதி என்றால், நம் வீட்டு வரவேற்பறையில் மூன்றடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

இனிச் சட்டம். இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-இல் ஒரு திருத்தம் வந்தது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி முதலியவையும் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். கடல் குதிரையும் கடல் அட்டையும் அந்த ஆண்டுதான் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. 2022-இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டுப் பட்டியல்கள் மாற்றி எழுதப்பட்டபோதும் பவளத்துக்கான பாதுகாப்பு நீங்கவில்லை. முதல் பட்டியல் உயிர் தொடர்பான குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. பிடித்தவருக்கு மட்டும்தான் தண்டனை என்று எண்ண வேண்டாம். வாங்கி வைத்திருப்பதும் குற்றமே. செத்த பவளமும் சட்டத்துக்கு உட்பட்டதுதான். 'உயிர்க்கல்' என்று கிலோ கணக்கில் விற்கிறார்களே, அது பழைய பவளத்தின் எலும்புக்கூடு என்பதை மறந்துவிடக் கூடாது.

"இது வெளிநாட்டுச் சரக்கு, சார்" என்று கடையில் சொல்வார்கள். கல் பவளங்கள் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. உரிய அனுமதித் தாள்கள் இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக முடியாது. ஆகவே தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் படித்துப் பாருங்கள். காட்டாவிட்டால் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மண்டபத்தில் எடுத்த துண்டா, இந்தோனேசியாவிலிருந்து வந்த துண்டா என்று பார்வையால் சொல்லும் திறமை நமக்குக் கிடையாது. பல கடைக்காரர்களுக்கும் கிடையாது.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்பவர்கள் மன்னார் வளைகுடாவின் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். தூத்துக்குடி முதல் பாம்பன் வரை கரையை ஒட்டி 21 தீவுகள். 1986-இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் கல் பவளங்கள் அங்கே உள்ளன. ஆனால் அதற்கு முன்பும், அறிவித்த பிறகுகூடப் பல ஆண்டுகள் வரையிலும், படகு படகாக முருகைக்கல் வெட்டியெடுக்கப்பட்டது. வீடு கட்டவும், சுண்ணாம்புக் காளவாய்க்கும், ஆலைகளுக்கும் போயிற்று. என் சிறு வயதில் எங்கள் ஊரில் அந்தக் கல்லில் எழுப்பிய சுவர்கள் உண்டு. அதில் யாரும் பிழை காணவில்லை. விளைவு என்ன? பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளச்சுவர் போனபின் மணல்மேடு எத்தனை நாள் தாங்கும்?

வெட்டுவது நின்ற பின்னும் நிம்மதி இல்லை. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் பவளம் வெளுத்து, பெருமளவு மாண்டது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்துப் பாறையை மீட்க முயன்று வருகிறார்கள். ஆழத்தில் மூழ்கி, ஒவ்வொரு துண்டாகச் சிமெண்ட் சட்டத்தில் கட்டி வைக்கும் வேலை. ஒரு பக்கம் இப்படி நட்டுக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் நாம் அலங்காரத்துக்காகப் பிடுங்கி வந்து மூன்று மாதத்தில் சாகடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கடற்கரையிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். பவளத்தைத் தொட்டியிலேயே வெட்டி ஒட்டி வளர்க்கலாம். முருங்கைக் கொம்பை ஒடித்து நடுவதுபோலத்தான். வெளிநாடுகளில் பொழுதுபோக்காளர்கள் இப்படி வளர்த்த துண்டுகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்கிறார்கள். கடலுக்கு அதனால் இழப்பில்லை. வளர்ப்புப் பவளத்துக்கென்று நம் நாட்டிலும் பதிவு, முத்திரை, ஆய்வு என்று ஒரு நேர்வழி ஏற்படுத்தினால் திருட்டு வியாபாரம் குறையும் என்பது என் எண்ணம். கடற்கரைப் பெண்களுக்கு அது ஒரு தொழிலாகவும் அமையலாம். அப்படி ஒரு வழி வரும்வரை, "இது வளர்ப்புத் துண்டு" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பிச் சட்டத்தோடு விளையாட வேண்டாம்.

சரி, பவளம் இல்லாத தொட்டிக்கு வருவோம். இதுவே ஒருவருக்குப் போதுமான வேலை தரும்.

தொட்டி பெரிதாக இருக்கட்டும். சிறிய தொட்டி எளிது என்று நினைப்பது இயற்கை. கடல்நீரில் நேர்மாறு, தண்ணீர் குறைவாக இருந்தால் சிறு தவறும் உடனே மீனைத் தாக்கும். மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் என்றால் ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். தொடங்குவோருக்கு இது நல்ல அளவு. ஆனால் தண்ணீர், கண்ணாடி, கல், இரும்பு நிலைச்சட்டம் எல்லாம் சேர்ந்து கால் டன்னைத் தாண்டிவிடும். நம்மில் பாதிப் பேர் வாடகை வீட்டுக்காரர்கள். மாடி வீடானால் சுவரோரம், தூண் பக்கம் வையுங்கள்; வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொடுத்த அட்வான்ஸ் பெரிய தொகை, அதை உப்புத் தண்ணீரில் கரைக்க வேண்டாம்.

தண்ணீர்தான் இந்த ஊரில் முதல் சிக்கல். காவிரி என்றாலே பெங்களூரில் தமிழன் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டிய விஷயம். ஆனாலும் தொட்டிக்காரன் அதைப் பேசாமல் இருக்க முடியாது. தொரேகாடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் போல, பல நூறு மீட்டர் உயரத்துக்கு இறைத்து வருகிற தண்ணீர் அது. அதில் குளோரின் இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரோ கடினநீர். பல பகுதிகளில் நைட்ரேட்டும் மிகுதி. இரண்டையும் நேராக ஊற்றக் கூடாது. ஆர்.ஓ. கருவியில் வடித்து, அதன்பின் டி.ஐ. என்னும் பிசின் குழாய் வழியாகவும் விட்டு, உப்புக்கள் அறவே நீங்கிய நீராக எடுக்க வேண்டும். சமையலறை ஆர்.ஓ. பல வீடுகளில் தாது உப்பைத் திரும்பச் சேர்ப்பது; அது குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. டி.டி.எஸ். அளக்கும் சிறிய பேனா ஒன்று வாங்கி, எண் பூச்சியத்துக்கு அருகில் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்கு மூன்று நான்கு லிட்டரைக் கழித்துவிடும். 2024 மார்ச்சில் இந்த நகரம் தண்ணீருக்குப் பட்ட பாடு நமக்கு மறக்காது. குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த நேரம் அது. அந்த ஊரில் கழிவு நீரைச் சாக்கடையில் விட்டுக்கொண்டு மீன் வளர்ப்பது அழகில்லை. பெரிய வாளியில் பிடித்து வைத்து, தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். வீட்டு அம்மாவின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது. தொட்டிக்கும் அந்த ஒத்துழைப்பு அவசியம்தான்.

உப்பு, கடல்தொட்டிக்கென்று தயாரித்து விற்கும் உப்பாக இருக்க வேண்டும். சமையல் உப்பில் அயோடின் சேர்த்திருப்பார்கள். கடலில் உள்ள மெக்னீசியம், கால்சியம் போன்றவை அதில் போதிய அளவு இருக்காது. லிட்டருக்கு 35 கிராம் அளவில் கரைத்தால் ஒப்படர்த்தி 1.025-க்கு வரும். அதை ரிஃப்ராக்டோமீட்டரால் அளப்பது நல்லது. சென்னைக்குப் போகும்போது கடற்கரையில் கேனில் பிடித்து வரலாமே என்று ஓர் அன்பர் கேட்டார். கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடையும் கலந்திருக்கும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் 350 கிலோமீட்டர் பயணத்தில் கேனுக்குள்ளேயே செத்து அழுகிவிடும். வேண்டாம்.

இன்னொரு செய்தி, பலரும் தடுமாறும் இடம். தொட்டியில் நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றிக்கொண்டே போனால் நாளுக்கு நாள் கடல் தடித்து, மீன் ஊறுகாய் ஆகிவிடும். இந்த ஊர்ப் பனிக்காலக் காற்று வறண்டது. நாள்தோறும் ஓரிரு லிட்டர் குறைவது இயல்பு.

மீனை எப்போது விடுவது? இங்கேதான் பொறுமை வேண்டும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும், அது நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் தொல்லை தருவதே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும்; அதை மட்டும் மீன் ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தயிருக்கு உறை ஊற்றிவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கிறோமா? அதுபோல விட்டுவிட வேண்டும். தொடக்கத்தில் அம்மோனியாவுக்காக ஓர் இறால் துண்டைப் போட்டு அழுக விடுவது பழைய முறை. சைவ வீடுகளில் அதற்கு அனுமதி கிடைப்பது அரிது. அம்மோனியம் குளோரைடு கரைசல் அந்த வேலையை வாசனையில்லாமல் செய்யும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும்வரை சோதனைப் பெட்டியால் அளந்து பார்த்து, பிறகே மீன்.

கல்லுக்குப் பீங்கானில் செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது. நிறம் வெள்ளையாக, முதலில் செயற்கையாகத்தான் தெரியும். ஆறு மாதத்தில் பாசி படிந்து வயது ஏறிவிடும். ஏற்கெனவே யாரிடமிருந்தாவது பழைய கல் வாங்கியவர்கள் அதைச் சுத்தம் செய்வதாகக் கொதிக்க வைக்கக் கூடாது. சில ஜோவாந்திட் உயிர்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்கும் ஆவியைச் சுவாசித்த குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

முதல் மீன் கோமாளி மீன். 2003-இல் வந்த நீமோ படத்துக்குப் பிறகு இதை அறியாத குழந்தை இல்லை. ஒரு நல்ல செய்தி, இதைக் கடலிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலும் கோமாளி மீனைப் பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். வளர்ப்பு மீன் தொட்டிச் சூழலுக்குப் பழகியது, தீனியும் தயங்காமல் எடுக்கும். கடலில் பிடித்த மீன்களில் சில, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பக்கங்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கப்பட்டவையாக இருக்கும். வெளியே நன்றாகத் தெரிந்து சில வாரத்தில் காரணம் புரியாமல் சாகும். சின்னக் கோமாளி மீன்கள் இரண்டை ஒன்றாக விடுங்கள். இவை பிறக்கும்போது எல்லாம் ஆண். இரண்டில் வலுவானது பெண்ணாக மாறிவிடும். எந்தக் குடும்பத்தில் யார் அதிகாரம் என்பது சில மாதத்தில் தெரிந்துவிடும்!

அந்தப் படத்தில் வருவதால் கடல் சாமந்தியும் வேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடிப்பார்கள். கோமாளி மீன் அது இல்லாமலே நன்றாக வாழும். சாமந்திக்கு வலுவான ஒளியும் முதிர்ந்த தொட்டியும் வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்துபோய் மோட்டாரில் மாட்டிச் சிதைந்து, மொத்தத் தொட்டியையும் கெடுக்கும். அதே படத்து நீலமீன் ஓரடி வரை வளரக்கூடியது, மூன்றடித் தொட்டியில் அதற்குச் சிறைவாசம். மாண்டரின் மீன் பட்டுப் புடவைபோல இருக்கும். ஆனால் நுண்ணிய ஓட்டு உயிர்களை மட்டுமே நாள் முழுதும் மேயும், புதுத் தொட்டியில் பட்டினியால் சாகும். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போனால் கையில் பணத்தோடு போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். முதல் முறை பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். செம்பு கலந்த மருந்து எதையும் இறாலோ நத்தையோ உள்ள தொட்டியில் ஊற்றாதீர்கள், அவை பிழைக்காது.

வெப்பம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். மலைநாட்டுக் குளிர் ஊர் என்று பெங்களூரைப் பற்றிப் பெருமை பேசுவோம். 2016 ஏப்ரலில் இங்கே 39 டிகிரியைத் தொட்டது. பெரும்பாலான மாதங்களில் சில்லர் இல்லாமல் நடத்தலாம் என்பது சென்னை அன்பர்களுக்குக் கிடைக்காத வசதி. மார்ச் முதல் மே வரை நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு விசிறி ஓட வேண்டும். அப்போது நீர் இன்னும் வேகமாகக் குறையும், மேலே சொன்ன கணக்கை மறக்காதீர்கள். கோடை மழையில் மரம் விழுந்து மின்சாரம் மணிக்கணக்கில் போவதும் இந்த ஊர் வழக்கம். நீர் ஓட்டம் நின்றால் பிராணவாயு குறைந்து மீன் மேலே வந்து தவிக்கும். விளக்கு அணைந்தால் அணையட்டும். ஒரு மோட்டார் மட்டுமாவது இன்வெர்ட்டரில் ஓட வேண்டும், அல்லது பேட்டரியில் இயங்கும் காற்றுக் கருவி ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

கடைசியாக, ஊருக்குப் போகிற காலம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டுப் போனால், அன்பு மிகுதியால் ஒரே நாளில் பாதியைக் கொட்டிவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாக மடித்துத் தேதி எழுதிக் கொடுங்கள். டப்பாவை பீரோவில் பூட்டுங்கள். குறைந்த நீருக்கு ஊற்ற வேண்டிய உப்பில்லா நீரை ஒரு கேனிலும், ஊற்ற வேண்டிய அளவுக்குத் தொட்டியில் ஒரு கோடும் போட்டு வையுங்கள். அவர் கன்னடக்காரரானால் கேனின்மேல் கன்னடத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.